டேலியாகாத ஒன்பது கடைகள்

நான் பி.காம். அதுவும் செகண்ட் கிளாஸ். அந்தப் படிப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் டேலியாக வேண்டும். ஆகவில்லை என்றால் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு வரி போட்டு வித்தியாசத்தை அதற்குள் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். இந்த இரண்டாவது பாடம்தான் போன வருஷம் என்னை மாட்டிவிட்டது.

அக்கா ஒரு தனியார் கல்லூரியில் காமர்ஸ் சொல்லித் தருகிறாள். பதினோரு வருஷமாக அசிஸ்டெண்ட் புரொபசர். பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ள வேண்டும் என்று முப்பத்தெட்டு வயதில் பி.எச்.டி.க்குப் பதிவு செய்தாள். விஷயம் என்ன தெரியுமோ? நம்ம அண்ணாச்சி கடைதான். யுபிஐ வந்த பிறகு மளிகைக் கடைக் கடன் நோட்டு என்ன ஆயிற்று என்பது ஆராய்ச்சி. பால் பாக்கெட்டுக்கு ஸ்கேன் பண்ணுகிறவர், மாசக் கடைசியில் துவரம்பருப்புக்கு நோட்டில் எழுதச் சொல்கிறாரா? நல்ல கேள்வி இல்லையா?

திருச்சியில் உறையூர், பாலக்கரை, ஸ்ரீரங்கம் என்று 221 கடைகள். கேள்வித்தாளோடு ஏறி இறங்கியது யார்? ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன், அதாவது வீட்டார் பார்வையில் வேலை இல்லாதவன். ஆமாம், நானேதான். மூன்று மாசம், எல்லா ஞாயிற்றுக்கிழமையும்.

அக்கா கட்டுரையை எழுதி ஒரு ஆய்விதழுக்கு அனுப்பினாள். நாலு மாசம் கழித்துத் திரும்பி வந்தது. 'விஷயம் நன்றாக இருக்கிறது. மொழியைத் தொழில்முறை எடிட்டர் ஒருவரிடம் காட்டித் திருத்தி மறுபடி அனுப்பவும்.'

"என் இங்கிலீஷுக்கு என்னடா குறைச்சல்?" என்றாள் அக்கா, கண் கலங்க.

"ஒண்ணும் இல்லேக்கா. நான் பார்த்துத் தரேன்" என்றேன் வீரமாக. முதல் பாராவில் ஏழு இடத்தில் 'தி' சேர்த்தேன். அத்தான் வந்து பார்த்துவிட்டு அதில் ஐந்தை எடுத்தார். அவர் மின்வாரியம்; எதையும் கட் பண்ணித்தான் பழக்கம். இது குடும்பத்துக்குள் ஆகிற காரியம் இல்லை என்று அன்று ராத்திரியே முடிவாயிற்று.

*

மறுநாள் அக்கா கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். அங்கே ஒரு தம்பி, "மேடம், வார்த்தைக்கு ஒரு ரூபா. திருட்டுப் பர்சென்ட்டேஜும் குறைச்சுத் தந்துடறேன்" என்றான்.

அவன் சொன்னது ஒற்றுமை சதவீதத்தை. 2018-ல் யு.ஜி.சி. கொண்டுவந்த விதிப்படி, மற்றவர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாசத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பி.எச்.டி. பதிவே ரத்து. அக்கா கட்டுரைக்கு அந்தக் கவலையே கிடையாது. இருந்தாலும் ஒரு பக்கம் கொடுத்துப் பார்த்தோம்.

சாயங்காலம் வந்தது பாருங்கள். 'இன்ட்ரஸ்ட் ரேட்' என்று அக்கா எழுதியிருந்தாள். வட்டி விகிதம். அது 'க்யூரியாசிட்டி ரேட்' ஆகியிருந்தது. 'பேங்க்' என்ற இடத்தில் ஆற்றங்கரை. 'பேட் டெட்' என்றால் வராக் கடன். அது 'நாட்டி லோன்' ஆகிவிட்டது. குறும்புக் கடன்! எதிர்வீட்டுக்காரர் என்னிடம் வாங்கியது அந்த ரகம்தான் என்று நினைக்கிறேன்.

சிரித்துவிட்டேன். ஆனால் இது நம்ம ஊர் ஜெராக்ஸ் கடையோடு நிற்கிற வியாதி இல்லை சார். 2021-ல் கபனாக், லாபே, மகாசினோவ் என்று மூன்று ஆய்வாளர்கள், அச்சான ஆய்விதழ்களிலேயே இந்த மாதிரி உளறல்களைத் தேடிப் பிடித்து, 'சித்திரவதைக்குள்ளான சொற்றொடர்கள்' என்று பெயரும் வைத்தார்கள். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்பது 'கவுண்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகியிருந்தது. அதாவது கள்ளநோட்டு மாதிரி கள்ள உணர்வு. பிக் டேட்டா? 'கலாசல் இன்ஃபர்மேஷன்'. காப்பியடித்தது தெரியக்கூடாது என்று மென்பொருளை விட்டு வார்த்தைகளை மாற்றியதன் பலன். இதெல்லாம் படித்து, சரிபார்த்து, அச்சிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

"சரி, ஏ.ஐ.யைக் கேளேன், ஓசிதானே" என்றார் அத்தான். கேட்டாள். இங்கிலீஷ் பளபளவென்று வந்தது, எவர்சில்வர் கடை மாதிரி. ஆனால் 'சில கடைக்காரர்கள்' என்று எழுதியிருந்த இடத்தில் 'பெரும்பாலான கடைக்காரர்கள்' என்று உட்கார்ந்திருந்தது. யாரைக் கேட்டு சிலரைப் பலராக்கினாய்? தவிர, ஏ.ஐ.யை உபயோகித்தால் அதைக் கட்டுரையில் சொல்லிவிட வேண்டும் என்று நிறைய ஆய்விதழ்கள் விதி வைத்திருக்கின்றன. ஆசிரியர் என்று அதன் பெயரைப் போடவும் முடியாது. தப்பு என்று வந்தால் பொறுப்பேற்க அதனால் முடியாதே!

*

அடுத்துதான் வந்தது வாட்ஸ்அப். யார் சொல்லி வந்ததோ தெரியவில்லை. 'எடிட்டிங் முதல் பிரசுரம் வரை. 15 நாள். ஸ்கோபஸ் கியாரண்டி. 45,000 மட்டும்.'

அக்காவிடம் சீட்டுப் பணம் சரியாக 45,000 இருந்தது. சோதனை என்றால் இப்படித்தான் சில்லறை மாற்றிக்கொண்டு வரும்.

ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் கட்டுரை அச்சாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022-லேயே எடுத்துவிட்டது. நல்ல ஆய்விதழ் எது என்று சொல்ல வைத்திருந்த கேர் பட்டியலையும் 2025-ல் நிறுத்திவிட்டது. ஆனால் அக்காவின் நிர்வாகத்துக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. மார்ச்சுக்குள் கட்டுரை, இல்லாவிட்டால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இல்லை. பதினோரு வருஷம்!

போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"எழுதவே வேணாம் மேடம். தலைப்பு மட்டும் சொல்லுங்க. முதல் ஆசிரியர்னா அறுபது, ரெண்டாவது பேர்னா நாப்பது."

லோயர் பெர்த், அப்பர் பெர்த் மாதிரி. ஆர்.ஏ.சி. உண்டா என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி அடக்கினாள்.

"என்கிட்ட கட்டுரை இருக்கு சார். டேபிள் எல்லாம் போட்டாச்சு."

"டேபிள் சரியில்லைன்னாலும் கவலைப்படாதீங்க. நம்ம பசங்க போட்டுருவாங்க."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டேபிளை உங்க பசங்க போட்டா, ரெண்டு வருஷமா நான் என்னத்துக்கு சார் உட்கார்ந்தேன்?" என்று வைத்துவிட்டாள்.

"பாத்தியாடா, வாய் கூசாம சொல்றான்" என்று என் பக்கம் திரும்பினாள். எனக்கு ஏனோ வேர்த்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்படிக் காசு கொடுத்து அச்சேறியவை கதி என்ன? வைலி என்ற பெரிய பதிப்பகம் 2021-ல் ஹிந்தாவி என்ற இன்னொரு பதிப்பகத்தை வாங்கியது. கட்டுரைத் தொழிற்சாலைகள் உள்ளே நுழைந்திருந்தது தெரிந்து, 2023-ல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அச்சான கட்டுரை அழிவதில்லை. 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரையோடு, ஆசிரியர் பெயரோடு, அப்படியே நிற்கும். நெற்றியில் ஒட்டின மாதிரி.

*

பிறகுதான் புத்தி வந்து ஒழுங்காகத் தேடினோம். நான் ஒரு நோட்டில் குறித்துக்கொண்ட கேள்விகளை அப்படியே தருகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பி.எச்.டி. இருக்கலாம்.

ஒன்று, எந்த அளவுத் திருத்தம்? எழுத்துப்பிழை மட்டும் பார்ப்பது ஒன்று, வாக்கியத்தைச் சீராக்குவது ஒன்று, கட்டுரையின் கட்டுமானத்தையே பார்ப்பது இன்னொன்று. மூன்றுக்கும் மூன்று விலை. எங்களிடம் வார்த்தைக்கு 2 ரூபாயிலிருந்து 6 ரூபாய் வரை கேட்டார்கள்.

இரண்டு, திருத்தப்போகிறவர் உங்கள் பாடம் தெரிந்தவரா? எஞ்சினீயரிங் எடிட்டரிடம் காமர்ஸ் போனால் 'டெப்ரிசியேஷ'னுக்கு கிரீஸ் போட்டுவிடுவார்.

மூன்று, செய்த மாற்றம் ஒவ்வொன்றும் 'ட்ராக் சேஞ்சஸ்' போட்டுத் தெரிய வேண்டும். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் உரிமை.

நான்கு, விமர்சகர் மறுபடி ஏதாவது சொன்னால் திரும்பப் பார்த்துத் தருவார்களா? அதற்குத் தனிக் காசா? கட்டுரையை வேறு யாருக்கும் காட்டமாட்டோம் என்று எழுத்தில் தருவார்களா?

ஐந்து, 'கியாரண்டி' என்ற வார்த்தை வருகிறதா? வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ஏற்பதும் மறுப்பதும் ஆய்விதழின் ஆசிரியர் கையில். எடிட்டிங் செய்துகொண்டால் ஏற்றுக்கொள்வார்கள் என்று அர்த்தம் இல்லை என்பதைப் பெரிய பதிப்பகங்களே தங்கள் எடிட்டிங் சேவையைப் பற்றிச் சொல்லும்போது சொல்லிவிடுகின்றன.

மூன்று இடத்துக்கு ஒரே 300 வார்த்தைகளை மாதிரிக்கு அனுப்பினோம். முதல் இடம் கமாக்களைத் தூவி அனுப்பியது, கொத்தமல்லி மாதிரி. இரண்டாவது இடம் பிரமாதமான இங்கிலீஷ்; ஆனால் அக்கா சொன்னது அதில் இல்லை. மூன்றாவது இடத்திலிருந்து ஏழெட்டுத் திருத்தம்தான். ஓரத்தில் ஒரு கேள்வி: 'நீங்கள் நோட்டு என்பது ரூபாய் நோட்டா, கணக்கு எழுதும் நோட்டா? வெளிநாட்டு வாசகர் குழம்புவார்.'

"இவங்கதாண்டா" என்றாள் அக்கா. "கேள்வி கேக்கறாங்க பாரு."

6,000 வார்த்தை, வார்த்தைக்கு 3 ரூபாய். சீட்டுப் பணத்தில் 18,000 போயிற்று.

*

எட்டாம் நாள் கட்டுரை திரும்பி வந்தது. ஓரத்தில் 43 குறிப்புகள். அக்கா ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தாள். நான் பக்கத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். பதினேழாவது குறிப்பில் நின்றாள்.

'ஆய்வு முறைப் பகுதியில் 221 கடைகள் என்கிறீர்கள். மூன்றாம் அட்டவணையில் 64, 81, 67 என்று இருக்கிறது. கூட்டினால் 212. மீதி 9 எங்கே?'

மூன்றாம் அட்டவணை, கடை எத்தனை வருஷமாக நடக்கிறது என்பது. கேள்வித்தாளில் டிக் அடிக்க முடியாமல், வருஷத்தைக் கையால் எழுத வேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

முறுக்கு தொண்டையில் நின்றது.

"அக்கா... கடைசி ஞாயித்துக்கிழமை..."

"ம்?"

"பாலக்கரையில ஒம்போது கடை பூட்டியிருந்தது. கிரிக்கெட் வேற இருந்துது. டீக்கடையில உட்கார்ந்து நானே..."

அந்த ஒன்பது தாளிலும் கட்டம் கட்டமாக டிக் போட்டவன், வருஷத்தை மட்டும் விட்டுவிட்டேன். பொய்க்கும் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. விவரம் இல்லை என்று அக்கா அந்த ஒன்பதை அந்த ஒரு அட்டவணையில் மட்டும் சேர்க்காமல் விட்டிருக்கிறாள். அதை எழுத மறந்திருக்கிறாள். என் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் ஒன்றரை வருஷம் கழித்து, முகம் தெரியாத யாரோ ஒருவர் கூட்டிப் பார்த்ததில் வெளியே வந்துவிட்டது.

அக்கா திட்டியிருந்தால் தேவலை. எழுந்து போய் அந்தத் தாள் கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "எந்த ஒம்போது? எடு."

எடுத்தேன். கஷ்டமே இல்லை. ஒன்பதும் ஒரே பச்சை பேனா. ஒன்பதிலும் 'யுபிஐ வாங்குகிறேன்' என்று டிக் அடித்திருந்தேன்.

இரண்டு வாரம் எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து போட்டாள். யுபிஐ வாங்குகிற கடைகள் 64 சதவீதம் என்றிருந்தது 62 ஆயிற்று. கட்டுரையின் முடிவு மாறவில்லை. "ரெண்டு பர்சென்ட்தானேக்கா" என்று ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தை நானே எடிட் செய்துகொண்டேன். வாட்ஸ்அப் ஆள் சொன்ன அந்தப் 'பசங்க'ளில் ஒருத்தன், சம்பளம் இல்லாமல், அவள் வீட்டிலேயே முறுக்கு தின்றுகொண்டிருந்திருக்கிறான்.

மார்ச் போயிற்று. அந்த வருஷப் பதவி உயர்வும் போயிற்று. அதற்கு வட்டி போட்டால் நான் ஆயுசுக்கும் கட்டி முடிக்க மாட்டேன். கட்டுரை ஆகஸ்டில் ஏற்கப்பட்டது.

அச்சானதும் கொண்டுவந்து காட்டினாள். கடைசியில் நன்றிப் பகுதி. மொழியைத் திருத்திக் கொடுத்தவர்களை ஆசிரியர் என்று போடக்கூடாது, இங்கேதான் நன்றி சொல்ல வேண்டும் என்பது மருத்துவ இதழ் ஆசிரியர்கள் குழு வகுத்த நெறி. அக்காவும் அதையே பின்பற்றியிருந்தாள். எடிட்டிங் சேவைக்கு ஒரு வரி. அதற்குக் கீழே எனக்கு ஒரு வரி:

'212 கடைகளில் தகவல் திரட்ட உதவிய என் தம்பிக்கு நன்றி.'

டேலியாகிவிட்டது.