கடைசி ஐந்து விநாடி: எங்கள் கொள்கைப் பிரகடனம்

கார் ஓட்டிப் பிழைப்பவர்கள் நாங்கள். ஆக்டிங் டிரைவர்கள், கால் டாக்சி ஓட்டுநர்கள், ஓனரிடம் மாதச் சம்பளத்துக்கு ஓட்டுபவர்கள். எங்களோடு கார் மெக்கானிக்குகளும், சாலையில் உறவைப் பறிகொடுத்த குடும்பத்தாரும் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். விபத்து வழக்கில் எதிரெதிரே நிற்க வேண்டியவர்கள் ஒரே மேடையில் எப்படி என்று கேட்பார்கள். எங்கள் இரு தரப்புக்கும் கிடைக்காமல் போவது ஒரே சாட்சி. அதனால்தான் சேர்ந்தோம்.

அந்தச் சாட்சி காருக்குள்ளேயே இருக்கிறது. ஏர்பேக் உள்ள கார்களில், பெரும்பாலும் முன் இருக்கைகளுக்கு நடுவே கன்சோலுக்கு அடியில், ஏர்பேக் விரிய வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் சிறு பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பல கார்களில் இந்தப் பெட்டிதான் விபத்துப் பதிவுக் கருவியும். பலமான மோதல் நேர்ந்தால், அதற்கு முந்தைய சுமார் ஐந்து விநாடிகளைத் தன் நினைவகத்தில் அது பூட்டிவைத்துக்கொள்ளும். வண்டி என்ன வேகத்தில் வந்தது, ஆக்சிலேட்டர் எவ்வளவு அழுந்தியிருந்தது, பிரேக்கில் கால் இருந்ததா, டிரைவர் சீட் பெல்ட் போட்டிருந்தாரா, மோதியதில் வேகம் எவ்வளவு குறைந்தது, ஏர்பேக் எத்தனை மில்லி விநாடியில் விரிந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். பேச்சைப் பதியாது, படம் எடுக்காது, எந்த ஊரில் நடந்தது என்பதும் அதற்குத் தெரியாது.

இப்படி ஒரு கருவி இருப்பதை வண்டியோடு வரும் கையேட்டில் ஏதோ ஒரு பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். கையேடு ஓனர் வீட்டு அலமாரியில் கிடக்கும். வண்டியை ஓட்டுகிறவனுக்கு அதை யாரும் சொல்வதில்லை.

விபத்துக்குப் பிறகு இங்கே என்ன நடக்கிறது என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். கூட்டம் கூடுகிறது. மோதிய இரண்டில் எது பெரிய வண்டியோ அதை ஓட்டியவன்தான் குற்றவாளி என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற இரண்டு சொற்கள் எஃப்.ஐ.ஆரில் ஏறிவிடுகின்றன. பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்த்து, இயந்திரக் கோளாறு காரணமில்லை என்று எழுதிக் கொடுக்கிறார். இன்ஷூரன்ஸ் சர்வேயர் படம் எடுத்துக்கொண்டு போகிறார். அந்தப் பெட்டியைத் திறந்து படிக்கச் சொல்லிக் கேட்க எவருக்கும் தோன்றுவதில்லை. வண்டி டோட்டல் லாஸ் என்றால் ஏலத்தில் போய், பாகம் பாகமாகப் பிரிந்து, புதுப்பேட்டை போன்ற சந்தைக்கு வந்து சேர்கிறது. ரிப்பேர் செய்யக்கூடியதென்றால், டாஷ்போர்டில் எரியும் ஏர்பேக் விளக்கை அணைப்பதற்காகப் பெட்டியை மாற்றிவிடுகிறார்கள், அல்லது அதிலுள்ள மோதல் பதிவை அழித்துவிடுகிறார்கள். இதைச் செய்த கைகள் எங்கள் கூட்டத்திலேயே இருக்கின்றன. அழிப்பது ஒரு சாட்சியை என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இழப்பு சிறியதல்ல. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு அதிகபட்சம் இரண்டு ஆண்டுச் சிறை விதித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு அதை ஐந்து ஆண்டாக உயர்த்திவிட்டது. விபத்தைச் சொல்லாமல் ஓடிவிட்டால் பத்து ஆண்டு என்ற 106(2) உட்பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடெங்கும் லாரிகள் நின்ற பிறகுதான் அது நிறுத்திவைக்கப்பட்டது. தண்டனையைக் கூட்டத் தெரிந்த அரசு, உண்மையைக் கண்டறியும் வழியைக் கூட்டவில்லை என்பதே எங்கள் குற்றச்சாட்டு. 2022இல் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவுகள். ஒவ்வொரு சாவுக்கும் பின்னால் இழப்பீட்டுக்கு அலையும் ஒரு குடும்பம் உண்டு. மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் அவர்கள் கையில் இருப்பதும் அதே எஃப்.ஐ.ஆர்.தான்.

மற்ற நாடுகள் சும்மா இருக்கவில்லை. கருவி பொருத்தினால் அது எதையெல்லாம் பதிய வேண்டும் என்று அமெரிக்கா 2006இலேயே விதி வகுத்தது. படிக்கும் சாதனத்தைத் தயாரிப்பாளர்கள் சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதும் அந்த விதியில் உண்டு. சீனாவில் 2022 முதல் புதிய பயணிகள் கார்களுக்கு இது கட்டாயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் பதிவாகும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயம். 2015இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஓட்டுநர் அந்தரங்கச் சட்டத்தை நிறைவேற்றி, இந்தப் பதிவு வண்டியின் உரிமையாளருக்கு, அல்லது குத்தகைக்கு எடுத்தவருக்குச் சொந்தம் என்றது. நீதிமன்ற உத்தரவோ அவரது சம்மதமோ இன்றி, சட்டம் குறிப்பிட்ட சில விலக்குகள் தவிர, பிறர் அதைத் தொடக்கூடாது. வாரண்ட் இல்லாமல் போலீஸ் அந்தப் பதிவை எடுத்தது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது.

நம் மோட்டார் வாகனச் சட்டம் பதிவு யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்கச் சட்டத்தை அப்படியே கொண்டுவந்தாலும் எங்களுக்குப் போதாது. அங்கே பெரும்பாலும் ஓனரே ஓட்டுகிறார். இங்கே ஓனர் பின்சீட்டில் இருப்பார், அல்லது வேறு ஊரில் இருப்பார். ஜெயிலுக்குப் போகிறவர் ஒருவர், பதிவு இன்னொருவரின் சொத்து என்றால் அது என்ன நியாயம்? நஷ்ட ஈட்டுக் கணக்கு பார்க்கிற ஓனருக்கும், சர்வீஸ் சென்டருக்கும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் பதிவை மூடி வைப்பதில் லாபம் இருக்கலாம். ஸ்டியரிங்கில் கை வைத்திருந்தவருக்கு அந்த ஐந்து விநாடிகளின் மீது முதல் உரிமை உண்டு. அடிபட்டவருக்கும் இறந்தவரின் வாரிசுக்கும் அதற்கு இணையான உரிமை உண்டு. இதுவே எங்கள் அடிப்படைக் கொள்கை.

பதிவு எங்களுக்கு எதிராகவும் பேசும். தெரிந்தேதான் கேட்கிறோம். 2007இல் நியூஜெர்சி ஆளுநர் ஜான் கோர்சைன் படுகாயமடைந்த விபத்தில், 65 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட சாலையில் அவர் கார் 91 மைலில் போனதைக் காட்டியது இந்தப் பெட்டிதான். 2011இல் மாசசூசெட்ஸ் துணை ஆளுநர் டிம் மர்ரே, வேக வரம்புக்குள் வந்ததாகவும் பெல்ட் போட்டிருந்ததாகவும் சொன்னார். 100 மைலுக்கு மேல் போனதாகவும் பெல்ட் இல்லை என்றும் பெட்டி சொன்னது. ஆளுநரையே விட்டுவைக்காத சாட்சி எங்களில் தப்புச் செய்தவரையும் விட்டுவைக்காது. அது சரி. குடித்துவிட்டோ பேயாகப் பறந்தோ ஓர் உயிரைக் கொன்றவரை இந்த இயக்கம் காப்பாற்றாது.

அதேசமயம், பெட்டி சொல்வதை வேதவாக்காகவும் ஏற்கமாட்டோம். வேகம் பெரும்பாலும் சக்கரச் சுழற்சியிலிருந்தே கணக்கிடப்படுகிறது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் கணக்கு பிசகும். மோதலில் மின்சாரம் அறுந்தால் பதிவு பாதியில் நிற்கலாம். 2022 டிசம்பரில் தென் கொரியாவின் கங்நுங் நகரில் பாட்டி ஓட்டிய கார் கட்டுக்கடங்காமல் பாய்ந்து, உடன் வந்த பேரன் இறந்தான். ஆக்சிலேட்டர் முழுதாக அழுந்தியிருந்தது என்றது பதிவு. அதை நம்பாத குடும்பம், அதே ரகக் காரை அதே சாலையில் ஓட்டிச் சோதித்து வழக்காடியது. 2025இல் அங்குள்ள நீதிமன்றம் தயாரிப்பாளர் பக்கமே தீர்ப்பளித்தது. தீர்ப்பு எப்படி இருந்தாலும், பதிவைக் கையில் வாங்கிப் பார்த்து, கேள்வி கேட்டு, எதிர்ச்சோதனை செய்ய அந்தக் குடும்பத்துக்கு வழி இருந்தது. அந்த வழியைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

இன்னொரு குறை, நம் சாலைகளுக்கு மிகப் பெரியது. அமெரிக்க விதிப்படி, 150 மில்லி விநாடிக்குள் வண்டியின் வேகம் 8 கிலோமீட்டராவது மாறினால்தான் கருவி விழிக்கும். நடந்து போகிறவரையோ இருசக்கர வாகனத்தையோ கார் இடித்தால் காரின் வேகம் அவ்வளவு மாறாமலே போகலாம். ஆள் செத்திருப்பார், பெட்டியில் ஒன்றும் இருக்காது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் ஏறத்தாழ 44 சதவீதம், நடந்து போனவர்கள் ஏறத்தாழ 20 சதவீதம். வெளிநாட்டு அளவுகோலை நகலெடுத்து இங்கே விதி செய்தால், ஏழைகளின் சாவு பதிவாகாது. மென்மையான மோதலிலும் விழிக்கும் கருவி வேண்டும். எங்களோடு நிற்கும் குடும்பங்கள் இதைத்தான் முதலில் கேட்டார்கள். நாங்கள் அதை எங்கள் கோரிக்கையாக எடுத்துக்கொண்டோம்.

நாள் முழுவதும் வேவு பார்ப்பதற்கு இதைச் சாக்காக்க விடமாட்டோம். இணைய வசதியுள்ள கார்களிலிருந்து, யார் எத்தனை முறை சடாரென்று பிரேக் பிடித்தார் என்ற விவரத்தை முறையான சம்மதமில்லாமல் திரட்டி விற்றதாக, ஜெனரல் மோட்டார்ஸ் மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2025 ஜனவரியில் நடவடிக்கை எடுத்தது. அந்த விவரங்கள் இன்ஷூரன்ஸ் தொகையை ஏற்றப் பயன்பட்டன என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. மோதலின் ஐந்து விநாடியைத் தருவோம். எங்கள் முழுநாளைத் தரமாட்டோம். வேலைக்குச் சேரும்போதோ பாலிசி எடுக்கும்போதோ வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று கணக்கிடக்கூடாது.

உயிர்ச்சேதமோ படுகாயமோ நேர்ந்த வழக்கில், பெட்டியைப் படித்து நகல் எடுக்கும்வரை வண்டியை விடுவிக்கவோ பிரிக்கவோ கூடாது என்று அரசு உத்தரவிட வேண்டும். படிக்கும் சாதனமும் படிக்கத் தெரிந்தவரும் மாவட்டந்தோறும் இருக்க வேண்டும். ஓட்டுநருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் நகல் இலவசமாகத் தரப்பட வேண்டும். இங்கே விற்கும் ஒவ்வொரு ரகத்துக்கும் சாதனம் கிடைக்கச் செய்வது தயாரிப்பாளரின் கடமையாக வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்கப் போவதில்லை. எங்கள் மெக்கானிக்குகள், மரணம் நேர்ந்த வண்டியின் ஏர்பேக் பெட்டியை எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி அழிக்கவோ மாற்றவோ மாட்டார்கள். விபத்து நடந்த அன்றே, பெட்டியைப் பாதுகாக்கக் கோரி காவல் நிலையத்துக்கும் ஓனருக்கும் இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்கும் மனு கொடுப்போம். மனுவின் மாதிரிப் படிவம் தமிழில் அச்சாகி ஒவ்வொரு டாக்சி ஸ்டாண்டுக்கும் வரும். அதில் ஓட்டுநர் கையெழுத்திடும் இடத்துக்குப் பக்கத்திலேயே, அடிபட்டவரின் குடும்பம் கையெழுத்திடவும் இடம் விட்டிருக்கிறோம்.