கொதிக்கும்போது மூடியைத் திறவாதீர்!



சாரல் காலம் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலைகளெங்கும் வெளியூர் வண்டிகளே காட்சி தரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தின் பேரருவியையும் ஐந்தருவியையும் நாடிக் குடும்பம் குடும்பமாக வருகின்றனர். மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நின்ற கார் அன்றுதான் நெடுந்தூரம் ஓடும். ரேடியேட்டரின் ஒழுகலும் அன்றுதான் வெளிப்படும்.

எங்களுக்கும் அவ்வாறே நேர்ந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டுச் செங்கோட்டை வழியாக ஆரியங்காவு நோக்கிப் புறப்பட்டோம். புளியரையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறுகையில் வெப்பமுள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட்டின் இடுக்கில் ஆவி எழுந்தது. வண்டியை ஓரங்கட்டிய நான், துண்டை மடித்து ரேடியேட்டர் மூடியின்மேல் வைத்துத் திருகினேன். "மச்சான், கொஞ்சம் பொறுங்க" என்று மைத்துனர் சொல்லி முடிப்பதற்குள் கொதிநீர் பீறிட்டு என் முன்கையை வேகவைத்துவிட்டது. அருகில் நின்ற என் ஆறு வயது மகளை அவர் பின்னால் இழுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? கையில் இருக்கும் தழும்பு இன்றும் அதைக் கேட்கின்றது.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டருக்குள்ளோ, மூடி காக்கும் அழுத்தத்தால் ஏறத்தாழ 120 பாகை வரை கொதியாமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த கணமே அழுத்தம் நீங்கி, நீரின் ஒரு பகுதி ஆவியாகிச் சீறும். ஆவி அடங்குமுன் பிரஷர் குக்கரைத் திறக்கலாகாது என்பதை நம் இல்லத்தரசிகள் நன்கறிவர். ரேடியேட்டருக்கும் அதே விதிதான். எஞ்சினை நிறுத்தி, அது நன்கு ஆறும்வரை ஒரு மணி நேரமேனும் காத்திருங்கள். தவறிச் சுட்டுவிட்டால் 20 நிமிடங்கள் ஓடும் குளிர்நீரில் பிடித்து, மருத்துவரிடம் செல்லுங்கள். பற்பசை, மை முதலியவற்றைப் பூசவேண்டாம்.

பயணத்துக்கு முன்பே வீட்டில் சோதிப்பது எளிது. இரவில் காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் எங்கென்று தெரியும். முதலில் ஹோஸ்களையும் கிளிப்புகளையும் மூடியின் ரப்பரையும் பாருங்கள். பல வேளைகளில் தளர்ந்த கிளிப்பை ஒரு திருப்புளியால் முறுக்கினாலே ஒழுகல் நின்றுவிடும்.

சிறு துளையை அடைக்க மஞ்சள்தூளைக் கொட்டும் பழக்கம் நம் ஓட்டுநர்களிடம் உண்டு. அது வீடு வந்து சேர உதவலாம். ஆனால் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடக்கூடும். அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகளின் செம்பு, பித்தளை ரேடியேட்டரில் ஈயம் வைத்து ஒட்டினர். இன்றைய வண்டிகள் பலவற்றில் அலுமினியக் குழாய்களும் பிளாஸ்டிக் தொட்டியும் உள்ளன. பிளாஸ்டிக் விரிந்துவிட்டால் புதிதாக மாற்றுவதே முறை.

கைப்பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே மாற்றலாம். வண்டி குளிர்ந்தபின் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். மின்விசிறி தானே சுழன்று விரலை வெட்டக்கூடும். பழைய கூலண்டை ஒரு தொட்டியில் வடித்து, ஹோஸ்களையும் மின்விசிறிச் சட்டத்தையும் கழற்றி, புதியதைப் பொருத்துங்கள். வண்டிக்குரிய கூலண்டையே ஊற்றி, உள்ளிருக்கும் காற்று வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். எஞ்சின் ஆறியபின் மீண்டும் அளவைப் பாருங்கள். தானியங்கிக் கியர் வண்டியில் எண்ணெய்க் குழாய்களும் ரேடியேட்டரோடு இணைந்திருக்கலாம். அதனை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நன்று.

வடித்த கூலண்டை முற்றத்தில் வைத்துவிட்டு உள்ளே செல்லாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, ஆனால் நஞ்சு. குழந்தையோ பூனையோ நாவில் வைத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். மூடியிட்ட கலத்தில் அடைத்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் பணிமனையில் ஒப்படையுங்கள்.

அருவி எங்கும் ஓடிப்போய்விடாது. ஒரு மணி நேரம் தாமதமாகச் சென்றாலும் அனைவரும் நலமாகச் சென்று திரும்புவதே பயணம்.