ஸ்டாண்ட் மிக்ஸர்... வாட்ஸ் பார்த்து வாங்கலாமா?

வீட்டிலேயே கேக், பன் செய்து ஆர்டர் எடுப்பவர்களின் அடுத்த கனவு, ஸ்டாண்ட் மிக்ஸர். ஆயிரக்கணக்கில் பணம் போடும் முன், அதில் எதைச் செய்யப்போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேக்கும் க்ரீமும் மட்டும்தான் என்றால், நல்ல ஹேண்ட் மிக்ஸரே போதும். அடிக்கடி பிரெட், பன் மாவு பிசைபவர்களுக்குத்தான் ஸ்டாண்ட் மிக்ஸர் கைகொடுக்கும். கெட்டி மாவுதான் மோட்டாருக்கு உண்மையான சோதனை.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைத்தான் அது சொல்கிறது. எவ்வளவு மாவு பிசையும் என்பதைச் சொல்லாது. 5 லிட்டர் பவுல் என்றால் அது நிறைய மாவு போடலாம் என்றும் அர்த்தமில்லை. ஒரு முறைக்கு எத்தனை கிராம் மாவு, எந்த வேகம், தொடர்ந்து எத்தனை நிமிடம்... இந்த மூன்றையும் வாங்கும் முன்பே மேனுவலில் பார்த்துவிடுங்கள். தேவைக்கு மேல் பெரிய பவுலும் வேண்டாம். ஒரே ஒரு முட்டையின் வெள்ளைக்கரு அடியில் தங்கிவிடும். விஸ்க் அதை எட்டாது.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வருகிறாரா? அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. சாதாரண அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அப்படியே செருகினால் மோட்டார் எரிந்துவிடும்.

சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அட்வான்ஸ் வாங்கிய பிறகு மிக்ஸர் நின்றுபோனால், பிறந்தநாள் குழந்தையிடம் மோட்டார் கதை சொல்ல முடியாதே!