வானம் பார்த்த கரை

கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்த பிறகும் மழை முழுதாக விடைபெறாமல், முழுதாகக் கொட்டவும் செய்யாமல், மூட்டமும் தூறலுமாக நாள்கள் நகரும் ஒரு பருவம் புதுச்சேரிக்கு உண்டு. வானிலை ஆர்வலர்கள் என்று இன்று நாம் அழைக்கும் இளைஞர்களுக்கு அந்த நாள்களில் இருப்புக் கொள்வதில்லை. அந்தமானுக்குத் தெற்கே ஒரு காற்றுச் சுழற்சி தென்பட்டுவிட்டால் போதும். ஐரோப்பிய மாடல் என்ன சொல்கிறது, அமெரிக்க மாடல் என்ன சொல்கிறது, இரண்டும் எங்கே முரண்படுகின்றன என்று நள்ளிரவு தாண்டியும் கைபேசியில் கண்ணை வைத்திருப்பார்கள். மொட்டைமாடி மழைமானியில் தினமும் காலை எட்டரை மணிக்கு அளவெடுப்பதை நோன்புபோல் கடைப்பிடிப்பவர்கள் அவர்களில் உண்டு. தாழ்வுப் பகுதி மண்டலமாகுமா, மண்டலம் புயலாகுமா, புயல் நம் பக்கம் திரும்புமா என்ற அவர்களுடைய கேள்விகளில் அச்சமும் ஆசையும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. வடக்கேயிருந்து வறண்ட காற்று புகுந்து அந்தச் சுழற்சியைக் கலைத்துவிட்டதென்றால், ஊர் நிம்மதிப் பெருமூச்சு விடும். அவர்கள் மட்டும் ஏதோ ஒரு திருவிழா நின்றுபோனது போன்ற ஏக்கத்தோடு அடுத்த சுழற்சியைத் தேடுவார்கள்.

இந்த ஏக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. அட்லாண்டிக் பெருங்கடலின் மேலைக்காற்று ஓயாமல் வீசும் அயர்லாந்தில் குளிர்காலம் பெரும்பாலும் மிதமானது, ஈரமானது. அங்கே பனிப்பொழிவு அரிது. அரிது என்பதாலேயே அதற்குக் காத்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. 1947, 1982, 2010, 2018 ஆகிய ஆண்டுகளின் பெரும்பனியை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மழைநாளிலும் கிழக்கேயிருந்து குளிர்காற்று திரும்பாதா என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நம்மவர்களுக்குப் புயல் அடித்த 2011, 2024 எப்படியோ, அவர்களுக்கு அந்த ஆண்டுகள் அப்படி. வானத்திடம் ஒன்றைக் கேட்பதும், அது வேறொன்றைத் தருவதும், கேட்டவர்கள் மறுபடியும் கேட்பதும் எல்லாக் கரைகளிலும் நடப்பதுதான். ஆனால் புதுச்சேரியின் குருசுக்குப்பத்துக் கரையில் நின்று இதை எண்ணும்போது, இங்கே நமக்கு முன்னால் வானத்திடம் கேட்டவர்களின் வரிசை எவ்வளவு நீளமானது என்பது மனத்தை அழுத்துகிறது.

அந்த வரிசையில் முதலில் நிற்பவர்கள் பெயர் எழுதிவைக்கப்படாத மீனவர்கள். வாடையும் கொண்டலும் கச்சானும் எந்த மாதத்தில் எந்த நேரத்தில் மாறும் என்பதையும், தெற்கிலிருந்து வடக்கே இழுக்கும் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும் வன்னி ஆகிய நீரோட்டங்களையும் உடம்பாலேயே அறிந்தவர்கள். அவர்களுடைய வானிலைக் குறிப்பு எந்த ஏட்டிலும் இல்லை. ஏட்டில் எழுதியவர், பிரெஞ்சுக்காரரிடம் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் தொடங்கிய அவருடைய நாட்குறிப்பில் கப்பல் வந்ததும் வராததும் அரசியலின் நாடித்துடிப்பாகவே இருக்கின்றன. காற்று எப்படி வீசியதோ அப்படித்தான் அந்தக் காலத்தில் அரசுகளும் அசைந்தன. ஐப்பசி பிறந்துவிட்டால் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பல்கள் நிற்பதில்லை என்பது பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த கையோடு அங்கேயே தங்கிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பற்படையை அக்டோபரில் ஒரே இரவுப் புயல் சிதைத்துப் போட்டது.

1760ஆம் ஆண்டின் கடைசி இரவுக்கு வருவோம். புதுச்சேரி அன்று முற்றுகையில் இருந்தது. உள்ளே பிரெஞ்சுத் தளபதி லாலி, அயர்லாந்திலிருந்து பிரான்சுக்குப் போன ஒரு குடும்பத்தின் மகன். வெளியே ஆங்கிலப் படைத் தலைவர் அயர் கூட், அவரும் அயர்லாந்தில் பிறந்தவர். பட்டினி கோட்டைக்குள் புகுந்திருந்தது. உணவு காணாதென்று லாலி ஊர் மக்களைக் கோட்டைக்கு வெளியே விரட்டிவிட்டார். வெளியே இருந்த படை அவர்களுக்கு வழிவிட மறுத்தது. இரு படைகளுக்கும் நடுவிலிருந்த வெட்டவெளியில் நம் முன்னோர்கள் வேரையும் புல்லையும் தின்று நாள்களைக் கழித்த பிறகே போக விடப்பட்டார்கள். கடல் பக்கத்தை அடைத்து நின்றவை ஆங்கிலேயரின் கப்பல்கள். பருவத்தைப் பொருட்படுத்தாமல் அவை கரையோரத்திலேயே கிடந்தன. ஒரு புயல் வந்தால் முற்றுகை உடையும். கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு அந்த டிசம்பரில் மிஞ்சியிருந்த நம்பிக்கைகளில் அதுவும் ஒன்று.

புயல் வந்தது. டிசம்பர் 31 இரவு தொடங்கி 1761 புத்தாண்டு விடிவதற்குள் அது செய்யவேண்டியதை எல்லாம் செய்துவிட்டது. டியூக் டி அக்விட்டேன், சண்டர்லேண்ட் ஆகிய கப்பல்கள் ஏறத்தாழ எல்லா மாலுமிகளோடும் மூழ்கின. மேலும் மூன்று கப்பல்கள் கரையில் மோதி உடைந்தன. இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். தரையிலே ஆங்கிலேயரின் கூடாரங்கள் பறந்தன, பீரங்கி மேடைகள் கரைந்தன. லாலி உடனே பழவேற்காட்டில் இருந்த தம் முகவருக்கு, ஆங்கிலக் கப்பற்படை இல்லாமலே போய்விட்டது, தானியத்தைப் படகுகளில் அனுப்பும்படி அவசரக் கடிதம் எழுதினார். ஒரு மனிதன் வேண்டியதை வானம் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றிய நாள் அது. ஆனால் தானியப் படகுகள் வருவதற்குள், தப்பிய கப்பல்களும் வெளியே போயிருந்த கப்பல்களும் சில நாள்களிலேயே திரும்பிக் கடலை மறுபடி அடைத்துவிட்டன. ஜனவரி 16 அன்று கோட்டை பணிந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன் ஆனந்தரங்கப் பிள்ளை காலமாகியிருந்தார். ஊர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 1766இல் பாரிசில் லாலியின் தலை வெட்டப்பட்டது. வேண்டிய புயல் வந்தும் பசி தீரவில்லை என்பதே அந்த மார்கழியின் கதை.

இடிந்து கிடந்த அதே கோட்டையின் மேல் ஏழு ஆண்டுகள் கழித்து இன்னொருவர் வானத்தைப் பார்த்து நின்றார். அவர் கேட்டது புயலையல்ல, தெளிவை. கியோம் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனின் முகத்தை வெள்ளிக் கோள் ஒரு சிறு கரும்புள்ளியாகக் கடந்துபோகும் காட்சியைப் புதுச்சேரியிலிருந்து அளக்கப் பாரிசிலிருந்து 1760இல் புறப்பட்டவர். வழியிலேயே புதுச்சேரி விழுந்த செய்தி கிடைத்து, 1761 ஜூன் 6 அன்று ஆடும் கப்பல் தளத்திலிருந்து அதைப் பார்த்தார். அளவு எடுக்க முடியவில்லை. அடுத்தது 1769இல். அதற்காக இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும் மணிலாவிலும் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் காத்திருந்து, 1768 மார்ச்சில் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். ஊரைத் திரும்பப் பெற்றிருந்த பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையின் இடிபாடுகள் மீது அவருக்கு ஒரு வானாய்வு மாடம் கட்டிக்கொடுத்தார்கள். நேற்றுவரை பகைவர்களாய் இருந்த சென்னை ஆங்கிலேயர் நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பினார்கள். காத்திருந்த மாதங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. பருவக்காற்றுகளைக் குறித்தார், தமிழர்கள் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு அதன் துல்லியத்தை வியந்தார். மே மாதக் காலைகள் எல்லாம் பளிங்காக இருந்தன. ஜூன் 4 விடியற்காலையில் மட்டும் மேகம் திரண்டு, காற்று கிளம்பி, சூரியன் மறைந்தது. வெள்ளி கடந்துபோன பின் மேகம் விலகி வெயில் அடித்தது. அவர் விட்டு வந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது. பல நாள்கள் பேனாவைத் தொடக்கூட மனம் வரவில்லை என்று பின்னாளில் அவர் எழுதினார். 1771இல் ஊர் திரும்பியபோது, இறந்துவிட்டார் என்று எண்ணி உறவினர்கள் அவருடைய சொத்தைப் பங்கிடும் ஏற்பாட்டில் இருந்தார்கள்.

லாலிக்குக் கிடைத்தது லெ ஜாந்திக்கு வேண்டாதது. லெ ஜாந்திக்குக் கிடைக்காத தெளிவான வானத்தைத்தான் இன்றைய ஆர்வலர் சலிப்போடு பார்க்கிறார். 1916 நவம்பர் 22 இரவு புதுச்சேரியைப் புரட்டிப்போட்ட புயலை யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள். பாரதி அன்று இந்த ஊரில் இருந்தார். அந்த இரவை, வீட்டுக்குள் விழித்திருக்கும் ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதாக அவர் பாடினார். விழாமல் தப்பிய ஒரு தென்னந்தோப்பைப் பற்றித் தனியே ஒரு பாட்டு எழுதினார். அந்தப் பாட்டுகள் இல்லையென்றால் அந்தப் புயலும் இன்று யாருக்கும் நினைவிருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கடற்பாலம் 1952இன் புயலில் போனது. அதற்குப் பதிலாக எழுந்த பாலம், 2022 மார்ச்சில், புயலே வராத மாதம் என்று நாம் நம்பியிருந்த ஒரு மாதத்தில், வங்கக் கடலில் உருவான ஆழ்ந்த தாழ்வு மண்டலத்தின் கொந்தளிப்பில் இடிந்து சரிந்தது.

பார்ப்பதற்கான கருவிகள் மாறிக்கொண்டே வந்தன. 1792இல் சென்னையில் வானாய்வகம்; 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை; பிறகு துறைமுகத்துக் கம்பத்தில் ஏறும் எச்சரிக்கைக் கூண்டு. ஒன்றாம் எண்ணிலிருந்து பதினொன்றாம் எண் வரை அதன் பொருளைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்திருந்த காலம் உண்டு. பின்னர் வானிலைத் துறை அதிகாரி ரமணனின் நிதானமான குரல் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது. அதன்பின், வானிலைத் துறையில் பதவி எதுவும் இல்லாமல் ஆர்வத்தையே தகுதியாகக் கொண்ட பிரதீப் ஜான் போன்றவர்களை மக்கள் வெதர்மேன் என்று உரிமையோடு அழைக்கத் தொடங்கினார்கள். இன்றைய குருசுக்குப்பத்து இளைஞர் அவர்கள் வழி வந்தவர். தெரியாமலேயே ஆனந்தரங்கப் பிள்ளையின் வழியும் வந்தவர்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ‘தானே’ புயல் கரையேறியபோது, பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. லாலியின் புயல் அடித்ததும் ஏறத்தாழ அதே நாளில்தான், இருநூற்று ஐம்பத்தோர் ஆண்டுகளுக்கு முன்னால். மார்கழிப் புயல் விதிவிலக்கு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இந்தக் கரையோ அதை முன்பே அறிந்திருக்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலாகுமா, ஆகாதா என்று வானிலைத் துறையே மாற்றி மாற்றிச் சொன்ன நாள்களில் ஆர்வலர்களின் ஆசை ஏறியும் இறங்கியும் அலைந்தது. 30ஆம் தேதி இரவு கரை கடந்த அது, கடந்த பின்னும் நகர மறுத்து நின்றது. மறுநாள் காலை எட்டரை மணிக் கணக்கில் புதுச்சேரியின் ஒருநாள் மழை 45 சென்டிமீட்டரைத் தாண்டியது. பல்லாண்டுகளாகக் காணாத அளவு. கிருஷ்ணா நகரில் மக்களை மீட்க ராணுவம் வரவேண்டியிருந்தது. அந்த மழையே உள்நாட்டில் திருவண்ணாமலையில் மண்சரிவாகி ஏழு உயிர்களைக் கொண்டுபோனது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா இலங்கையில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றுவிட்டு, நம் கரையை ஒட்டியபடியே வடக்கே நகர்ந்து வலுவிழந்தது. இங்கே அஞ்சியபடி அடிக்கவில்லை. அங்கே அடித்ததன் பெயரும் புயல்தான்.

ஆனாலும் அந்த இளைஞர்களின் ஆசையைக் குற்றமென்று சொல்ல எனக்கு மனமில்லை. நம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு இந்தத் தாழ்வுகளும் மண்டலங்களும் கொண்டுவருவது. அவை வராத ஆண்டில் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் வற்றிக் கிடக்கும். மழையை மட்டும் தனியே கொடு, காற்றை நீயே வைத்துக்கொள் என்று கடலிடம் கேட்க வழியில்லை. எனினும் விலையை எல்லோரும் ஒன்றுபோல் கொடுப்பதில்லை என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும். எச்சரிக்கை விழுந்த நாள்களில் கடலுக்குப் போகாத வீட்டில் அடுப்பு எரிவது கடனில். அந்தக் கடலும் வரவர நெருங்கி வந்துவிட்டது. 1980களின் இறுதியில் தெற்கே அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்குக் கல்கரை நீட்டிய பிறகு, தெண்டி வடக்கே சுமந்துவரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டது; குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் மணற்கரை தேய்ந்து கருங்கல் குவியல் ஆனது. படகை இழுத்துப்போடவும் வலையை விரிக்கவும் இருந்த இடத்தில் இன்று அலை நேராகக் கல்லில் மோதுகிறது. முன்பு புயலுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே ஒரு கரை இருந்தது.

சூரியனைக் கடக்கும் வெள்ளி 2004இலும் 2012இலும் நம் வானில் தென்பட்டது. அடுத்தது 2117 டிசம்பர் 11. இந்தியாவில் அன்று சூரியன் எழும்போதே அந்தக் கரும்புள்ளி அதன் முகத்தில் இருக்கும். கார்த்திகையின் கடைசி நாள்கள் அவை, வாடை வீசும் காலம். புதுச்சேரியில் மேகம் இல்லாத விடியலை அந்த மாதத்தில் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. லெ ஜாந்தி காத்திருந்தது ஜூனில்.