இடைவெளி மறுப்பாகுமா?

"உயிர்ச்சுவடுகளில் இடைவெளிகள் உள, ஆகவே கூர்ப்பு நிகழவில்லை" என வாதிடுவோர் நம்மிடையே இன்றும் உளர். வாதத்தின் முற்பாதி உண்மையே. 1859இல் வெளிவந்த தமது நூலில், நிலவியற் பதிவின் நிறைவின்மைக்கென ஓர் அதிகாரத்தையே டார்வின் ஒதுக்கினார். பிழை 'ஆகவே' என்ற சொல்லிலேயே உள்ளது.

நன்னீர்க் கெளிற்றை எடுத்துக்கொள்வோம். ஓடும் ஆற்றில் இறந்த மீனின் உடலம் சிதைந்து எலும்புகள் திசைக்கொன்றாய் அடித்துச் செல்லப்படும். எஞ்சுவன பெரும்பாலும் செட்டையின் தடித்த முள்ளும் தலையோட்டுத் துண்டுகளுமே. வயோமிங் மாநிலத்துக் கிறீன் ரிவர்ப் படைகளிலோ நிலைமை வேறு. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த ஏரிகளின் நுண்சேறு, ஹிப்சிடோறிஸ் என்னும் கெளிற்றை முழு எலும்புக்கூடாகவே பேணித் தந்துள்ளது. ஏரி பேணிற்று, ஆறு சிதைத்தது. இரு கல்வெட்டுக்களுக்கிடையே நூறாண்டு வெற்றிடமிருப்பின், அந்நூறாண்டில் மக்களே வாழவில்லையென வரலாற்று மாணவர் எவரேனும் எழுதுவரா?

"கவசத்துடன் திடீரெனத் தோன்றுகிறதே!" என்பர். வடமேற்கு ஆர்ஜென்ரீனாவிற் கிடைத்து, 1925இல் கொக்கரெல் விவரித்த கொறிடோறஸ் ரெவெலாற்றஸ் ஏறத்தாழ 5 கோடியே 80 இலட்சம் ஆண்டுப் பழமையுடையது. இன்றைய உறவினரைப் போன்றே அதுவும் எலும்புத் தகடுகளைப் பூண்டிருந்தது. அவ்வாறாயின் கெளிற்றினம் அதனினும் பழையதாதல் வேண்டும். பின்னர் ஆர்ஜென்ரீனாவிலும் பொலிவியாவிலும், 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கிரேத்தேசியப் படைகளிற் கெளிற்றெலும்புகள் கிடைத்தன. வெறும் துண்டுகள்தாம், எனினும் எதிர்பார்த்த பக்கத்திலேயே கிடைத்தன.

இனி நமது பக்கத்தாருக்கும் ஒரு சொல். மெக்சிக்கோவின் சியாபாஸ் ஆறுகளிலிருந்து 2005இல் லக்கன்ரூனியா என்னும் கெளிறு விவரிக்கப்பட்டது. அதன் நெருங்கிய உறவினர் ஆபிரிக்க நன்னீர்க் கெளிறுகளே என 2007இல் லுண்ட்பேர்க்கும் பிறரும் காட்டினர். அவை பிரிந்து 7 கோடி ஆண்டுகளுக்கு மேலாயின என்பது மரபணுக் கணிப்பு. அந்நெடுங்காலத்தில் இக்கிளைக்குரிய உயிர்ச்சுவடு ஒன்றேனும் இதுவரை அறியப்படவில்லை. இத்தகைய வெற்றிடத்தின் மீதும் தயக்கமின்றி முழுக்கோடு இழுத்துக் கிளைவரைபடம் தீட்டும் விஞ்ஞானபீட நண்பர்களே எதிராளிக்கு வாளைத் தீட்டிக் கொடுப்பவர்கள். கணிப்பு வேறு, கண்டெடுத்த எலும்பு வேறு. அவ்விடத்திற் புள்ளிக்கோடே வரைக. கேட்போருக்கு அது ஏன் புள்ளிக்கோடு என்பதையும் கூறுக.