நனைந்த பாய்

தெல்தெனியவைச் சூழ்ந்த தோட்டங்களிலே, ஒற்றை லயக் காம்பராவில் குடும்பமே உறங்குகையில், 10 வயதுச் சிறுவன் பாயை நனைத்துவிட்டால் மறைக்க இடமேது? விடிந்ததும் பாய் வெயிலில் காயும். லயமே பார்த்துச் சிரிக்கும். அப்பால் பிரம்பும் பேசும்.

பிள்ளை வேண்டுமென்றா செய்தான்? 7 வயதினரில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கு இக்குறை உண்டு. இரவில் சிறுநீரைக் குறைக்கும் சுரப்பு சிலருக்குத் தாமதித்தே சீர்ப்படுகிறது. பிரம்பெடுத்த தகப்பனாரே இளமையில் பாய் நனைத்தவராக இருக்கலாம். பெரும்பாலும் இது குடிவழி வருவது!

பல லயங்களில் கழிப்பறையோ தொலைவில். வழியெல்லாம் இருட்டும் குளிரும். படுக்குமுன் தகப்பனார் விளக்கேந்தி உடன் செல்லட்டும். மாலைத் தேநீரைக் குறைக்கலாம். பகலில் தண்ணீரைக் குறைத்தலாகாது. மாதக்கணக்காக உலர்ந்திருந்த பாய் மீண்டும் நனைந்து, தாகமும் மெலிவும் சேருமாயின், நீரிழிவோ என்று அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். பேராதனையிலே சிறுவருக்கென்றே வைத்தியசாலை இருக்கிறது.