‘தெரியாது’ என்றால் ‘இல்லை’ அல்ல

“உங்க அப்பா, அம்மாவுக்கு சுகர் இருந்துச்சாம்மா?”

சர்க்கரை நோய் வர வாய்ப்புள்ளவர்களை முன்கூட்டியே கண்டறியக் கேட்கப்படும் முக்கியமான கேள்வி இது. நம் சேரிகளில் பலரும் சொல்லும் பதில்: “தெரியாதும்மா. அவங்க டெஸ்டே எடுத்ததில்ல.”

சென்னை மருத்துவர் வி.மோகன் குழுவினர் 2005-ல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். வயது, இடுப்பளவு, உடல் உழைப்பு, பெற்றோருக்கு இருந்த சர்க்கரை நோய் ஆகிய நான்குக்கும் சேர்த்து 100 மதிப்பெண். 60-ம் அதற்கு மேலும் வந்தால் அதிக ஆபத்து. ஊசி வேண்டாம், அளவு டேப் போதும். ஏழைகளுக்கு ஏற்ற முறைதான்.

ஆனால், ஒரு தூய்மைப் பணியாளருக்கு முதல் மூன்றிலும் சேர்த்து 50 வந்ததாக வைத்துக்கொள்வோம். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தது என்றால் இன்னும் 10 சேரும். அவர் பட்டியலில் வருவார். ‘தெரியாது’ என்பதை ‘இல்லை’ என்று எழுதினால் வீட்டுக்கு அனுப்பப்படுவார். மருத்துவமனை எட்டாத தூரத்தில் வாழ்ந்து மறைந்த பெற்றோரின் புறக்கணிப்பு, பிள்ளையின் கணக்கிலும் பூஜ்ஜியமாக விழுகிறது.

விடுபடுவதால் இழப்பது கொஞ்சமல்ல. மருத்துவர் அ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவு, நடைப் பழக்கத்தை மாற்றத் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால் பகலில் கதவைத் தட்டினால் யார் இருப்பார்கள்? தாம்பரத்தின் தூய்மைப் பணியாளர்கள் விடியும் முன்பே தெருவில் இருக்கிறார்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அப்புறப்படுத்தப்பட்டவர்கள் வேலை தேடி மீண்டும் நகரத்துக்கே பேருந்து ஏறுகிறார்கள்.

தாம்பரம் மாநகராட்சியின் மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, 2022-ல் வசந்தகுமாரி கமலக்கண்ணன் முதல் மேயரானார். அந்த ஒதுக்கீட்டின் பலன் வார்டுகளில் தெரிய வேண்டும். தூய்மைப் பணியாளர்கள் காலையில் வருகைப் பதிவு செய்யும் இடத்திலேயே பரிசோதனை நடக்கட்டும். பெரும்பாக்கம் குடியிருப்புகளில் மாலையிலும் ஞாயிறன்றும் முகாம் வேண்டும். ‘தெரியாது’ என்பவருக்கு மதிப்பெண் பார்க்காமல் நேரடியாக ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். விளிம்பில் இருப்பவர்களை மறுபடியும் அழைக்க வேண்டும்.

மாணவர்களே, இன்றிரவு வீட்டில் டேப்பை எடுங்கள். இடுப்பளவு அம்மாவுக்கு 80 செ.மீ., அப்பாவுக்கு 90 செ.மீ. எட்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நாளை உங்களிடம் இதே கேள்வி கேட்கப்படும்போது, ‘தெரியாது’ என்று சொல்லும் நிலை வேண்டாம்.